கம்பூசியாவா, கப்பியா, நம் குளத்து மீனா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விரல் நீளம்கூட இல்லாத மீன்களைப் பற்றியவை. கிணறு, குளம், தண்ணீர்த் தொட்டி என்று எங்கும் இருக்கிற, எல்லோரும் பார்த்திருக்கிற, ஆனால் இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாத மீன்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒன்றரை அங்குல நீளத்தில் சாம்பல் நிற மீன்கள் கூட்டமாக மேல்மட்டத்திலேயே நீந்துகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் கம்பூசியா என்கிறார், என் மகள் கப்பி என்கிறாள், அப்பாவோ இது எப்போதும் இங்கே இருக்கிற மீன்தான் என்கிறார். எனக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரிகிறது. எப்படிப் பிரித்தறிவது?

கம்பூசியா என்பது கொசுப்புழுவைத் தின்பதற்காகக் கொண்டுவந்த வெளிநாட்டு மீன், கப்பி தொட்டியில் அழகுக்காக வளர்க்கிற வெளிநாட்டு மீன். முதலில் நிறத்தை ஒதுக்கி வையுங்கள். சாம்பல் நிறம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து என்னால் எதுவும் சொல்ல முடியாது. ஒரே மீன் பாசி படிந்த கிணற்றில் கருத்துத் தெரியும், வெள்ளை வாளியில் விட்டால் கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடும், பயந்திருக்கும்போது ஒரு மாதிரியும் இணை தேடும்போது வேறு மாதிரியும் இருக்கும். உடலின் அமைப்பு அப்படி மாறாது. எந்தத் துடுப்பு எங்கே தொடங்குகிறது, அது எவ்வளவு நீளம், தலையில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் நீங்கள் சொல்கிற மூன்றையும் பிரிப்பது பெரிய வேலையே இல்லை.

பிடிப்பதற்கு முன்னாலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். வெயில் நேரத்தில் கிணற்றின் மேலே நின்று நேராகக் கீழே பாருங்கள். மீன் நீர்மட்டத்தை ஒட்டி அசையாமல் நிற்கும்போது தலை உச்சியில் ஒற்றை வெள்ளிப் பொட்டு பளிச்சென்று மின்னுகிறதா? மின்னினால் அப்பா சொன்னதுதான் சரி. அது அப்லோகீலஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த நம் நாட்டு மீன் (இங்கே சுருக்கமாகப் பொட்டு மீன் என்று சொல்லிக்கொள்கிறேன்). கம்பூசியாவுக்கும் கப்பிக்கும் இந்தப் பொட்டு கிடையாது. பொட்டு மீனின் சின்னக் குஞ்சுக்குக்கூட இது தெரியும் என்பதால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று எல்லோருக்கும் சொல்வேன்.

பொட்டு இல்லை என்றால் சிலவற்றைப் பிடித்து ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். மீனின் அடிப்பக்கத்தில் மலவாய்க்குப் பின்னால் ஒற்றையாக ஒரு துடுப்பு இருக்கும், அதை அடித்துடுப்பு என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் சில மீன்களுக்கு அது விசிறிபோல விரியாமல், மெல்லிய குச்சிபோல நீண்டு பின்னோக்கி ஒட்டிக் கிடக்கிறதா? அவை ஆண்கள். அடித்துடுப்பின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கதிர்கள் (துடுப்பைத் தாங்கும் மெல்லிய எலும்பு இழைகள்) நீண்டு இணைந்து இனச்சேர்க்கை உறுப்பாக மாறியிருக்கிறது. கம்பூசியா, கப்பி இரண்டுமே குட்டி போடும் மீன்கள் என்பதால் இரண்டின் ஆண்களுக்கும் இது உண்டு. பொட்டு மீன் முட்டையிடும் வகை, அதன் ஆணுக்குக் குச்சி கிடையாது, அடித்துடுப்பு நன்றாக அகலமாகவே இருக்கும்.

சரி, குச்சியும் இருக்கிறது, பொட்டும் இல்லை, அப்படியானால் கம்பூசியாவா கப்பியா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஆண்களை விட்டுவிட்டுப் பெரிய பெண் மீன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்திலிருந்து செங்குத்தாகக் கீழே ஒரு கோடு இழுத்ததாக நினைத்துப் பாருங்கள். அந்தக் கோடு அடித்துடுப்பு தொடங்கும் இடத்துக்கு நன்றாகப் பின்னால், வால் பக்கமாக விழுந்தால் கம்பூசியா. இரண்டும் ஏறக்குறைய நேருக்கு நேராகத் தொடங்கினால் கப்பி. ஏன் பெண்ணைப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ஆண்களில் அடித்துடுப்பு உறுப்பாக மாறும்போது முன்னோக்கி நகர்ந்துவிடுகிறது, அதனால் கப்பி ஆணை இந்தக் கணக்கில் அளந்தால் அதுவும் கம்பூசியா போலத்தான் தெரியும்.

அப்புறம் வால். ஜாடிக்குப் பின்னால் வெளிச்சம் வைத்துப் பார்த்தால் கம்பூசியாவின் வாலிலும் முதுகுத் துடுப்பிலும் பொடிப்பொடியான கரும்புள்ளிகள் வரிசையாக இருப்பது தெரியும். வளர்ப்பு நிறமில்லாத சாதாரணக் கப்பிப் பெண்ணின் வால் அநேகமாகப் புள்ளியில்லாமல் தெளிவாக இருக்கும். கம்பூசியாவின் கண்ணுக்குக் கீழே சாய்வாக ஒரு கருங்கோடு வழிவதும் உண்டு, ஆனால் எல்லா மீனிலும் அது அழுத்தமாக இருக்காது, அதனால் இருந்தால் கூடுதல் சாட்சி, இல்லாவிட்டால் அதை வைத்து முடிவு எடுக்க வேண்டாம். செதில் ஓரங்கள் வலைபோலக் கருத்துத் தெரிவதைக் கப்பியின் அடையாளம் என்று சிலர் சொல்வார்கள். கம்பூசியாவிலும் அது உண்டு, ஆகவே அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் குளத்து மீனின் தலையில் வெள்ளைப் புள்ளி இருக்கிறது. மீன் வளர்க்கும் நண்பர் இது வெள்ளைப்புள்ளி நோய், மருந்து போடு என்கிறார். உண்மையா?

மருந்து போடுவதற்கு முன் பொறுங்கள். புள்ளி ஒன்றுதானா, தலை உச்சியின் நடுவிலா, எல்லா மீனுக்கும் அதே இடத்திலா, வெளிச்சம் படும்போது உலோகம்போல மின்னுகிறதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் மேலே சொன்ன பொட்டு மீன்தான், அது நோயே இல்லை. வெள்ளைப்புள்ளி நோய் ஓர் ஒட்டுண்ணியால் வருவது. உடல், துடுப்பு, செவுள் என்று கண்ட இடங்களில் உப்புத் தூள் தூவியதுபோலப் பல புள்ளிகள் தோன்றும், அவை மின்னாது, சற்று மேடாக இருக்கும், மீன் கல்லிலும் சுவரிலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டு திரியும். நன்றாக இருக்கிற மீனுக்கு, அதுவும் குளத்திலேயே, மருந்து ஊற்றுவது என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத விஷயம். அந்தத் தண்ணீரில் மீன் மட்டுமா வாழ்கிறது?

கேள்வி: பொட்டு உள்ள மீனிலேயே பல வகை இருப்பதாகப் படித்தேன். எங்கள் பகுதியில் இருப்பது எது என்று எப்படி அறிவது?

நல்ல கேள்வி, இதைப் பற்றி எழுத ரொம்ப நாளாக ஆசை. தென்னிந்தியாவில் நீங்கள் பார்க்கக்கூடியவை முக்கியமாக நான்கு. லினியேட்டஸ், பஞ்சாக்ஸ், பிளாக்கி, பார்வஸ். எல்லாவற்றுக்கும் பொது அமைப்பு ஒன்றுதான்: மேல்பக்கம் தட்டையான தலை, மேல்நோக்கித் திறக்கும் அகலமான வாய், உருண்டு நீண்ட உடல், வாலுக்குப் பக்கத்தில் பின்தள்ளி இருக்கும் சிறிய முதுகுத் துடுப்பு, அதற்கு நேர் மாறாக அடிப்பக்கத்தில் நீளமான அடித்துடுப்பு. அந்த அடித்துடுப்பில் 15 கதிர்கள் அளவுக்கு இருக்கும், கம்பூசியாவுக்கு 10 பக்கமாகத்தான். எண்ண வேண்டியதுகூட இல்லை, அடித்துடுப்பு உடலோடு ஒட்டியிருக்கும் நீளத்தைப் பார்த்தாலே வித்தியாசம் புரியும்.

இனி வகை பிரிப்பது. லினியேட்டஸ்தான் இவற்றில் பெரியது, 10 சென்டிமீட்டர் வரை வளரும். உடலின் பக்கவாட்டில் பொன்னிறப் புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடும், பின்பாதியில் செங்குத்தான கரும்பட்டைகள் இருக்கும், இந்தப் பட்டைகள் பெண்களில் இன்னும் தெளிவாகத் தெரியும், பெண்ணின் முதுகுத் துடுப்பு அடியில் ஒரு கரும்புள்ளியும் உண்டு. பஞ்சாக்ஸில் பட்டைகள் இருக்காது, ஆனால் முதுகுத் துடுப்பின் அடியில் அழுத்தமான கருந்திட்டு ஆண் பெண் இரண்டுக்குமே இருக்கும். இந்த இடத்தில்தான் குழப்பம் வரும். கருந்திட்டைப் பார்த்ததும் பஞ்சாக்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள், அது லினியேட்டஸ் பெண்ணாகவோ மற்ற சிறிய வகைகளின் பெண்ணாகவோ இருக்கலாம். ஒரு மீனை மட்டும் பார்க்காமல் கூட்டத்தில் ஆணையும் பெண்ணையும் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தவறு நேராது.

பிளாக்கியும் பார்வஸும் சிறியவை, 5 சென்டிமீட்டர் பக்கமாக நின்றுவிடும், இரண்டையும் வெறும் கண்ணால் பிரிப்பது சிரமம். வளர்ந்த ஆண்களின் தெளிவான படங்களை வைத்து, கதிர்களையும் செதில்களையும் எண்ணித் தெரிந்தவர்களிடம் காட்டித்தான் முடிவுக்கு வர வேண்டும். பார்வஸ் இனத்தை 1916ல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் சுந்தர ராஜ். நூறு வருடங்களுக்கு மேலாகப் பெயர் தெரிந்த நம் மீனை நாம் இன்னும் 'ஏதோ குட்டி மீன்' என்று கடந்து போவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: மீனின் வயிற்றின் பின்பக்கம் கருப்பாக ஒரு திட்டு இருந்தால் அது கம்பூசியா என்று சொல்கிறார்களே?

குட்டி போடும் மீன்களில் பல வகைகளின் பெண்களுக்கு மலவாய்க்கு அருகே அந்தத் திட்டு உண்டு, கப்பிப் பெண்ணுக்கும் இருக்கும். அது பெண் என்பதையும், கருத்து விரிந்திருந்தால் சினையாக இருக்கலாம் என்பதையும் சொல்லுமே தவிர இனத்தைச் சொல்லாது.

கேள்வி: கல்லூரியில் ஆய்வுக் கட்டுரைக்காகக் கம்பூசியாவைச் சேகரித்தேன். பழைய நூல்களில் அஃபினிஸ் என்று இருக்கிறது, வழிகாட்டியோ ஹோல்புரூகியாகவும் இருக்கலாம் என்கிறார். வெளித்தோற்றத்தில் வேறுபாடு உண்டா?

உங்கள் வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள், அவர் சரியான இடத்தில் சந்தேகப்படுகிறார். இரண்டையும் 1988 வரை ஒரே இனத்தின் இரண்டு கிளைகளாகவே வைத்திருந்தார்கள், அந்த ஆண்டில் வெளியான ஆய்வுக்குப் பிறகுதான் தனித்தனி இனங்களாகப் பிரித்தார்கள். ஆகவே அதற்கு முந்தைய நூல் எதிலாவது அஃபினிஸ் என்று இருந்தால் அது இன்றைய அஃபினிஸ்தான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியாவுக்கு இந்த மீன் 1928ல் இத்தாலியிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் பரவியிருப்பது பெரும்பாலும் ஹோல்புரூகி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மாதிரிகளைப் பாருங்கள்.

இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்காவின் தெற்குப் பகுதிகள், தோற்றம் அச்சு அசலாக ஒன்று. முதல் அடையாளம் முதுகுத் துடுப்பின் கதிர்கள்: அஃபினிஸில் வழக்கமாக 6, ஹோல்புரூகியில் வழக்கமாக 7. கடைசிக் கதிர் அடியிலேயே இரண்டாகப் பிரிந்திருக்கும், அதை இரண்டாக எண்ணினால் கணக்கு ஒன்று கூடிவிடும், அதனால் எந்த முறையில் எண்ணினீர்கள் என்பதைக் கட்டுரையில் எழுதிவிடுங்கள். ஒரே ஒரு மீனை எண்ணி முடிவு சொல்லாதீர்கள், இரு இனங்களிலும் ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும் மீன்கள் உண்டு. இரண்டாவது அடையாளம் இதைவிட உறுதியானது, ஆனால் நுண்ணோக்கி வேண்டும். வளர்ந்த ஆணின் இனச்சேர்க்கை உறுப்பில் மூன்றாவது கதிரின் நுனிப்பக்கம் ஹோல்புரூகியில் ரம்பப் பற்கள்போல வெட்டு வெட்டாக இருக்கும், அஃபினிஸில் அப்படித் தெளிவான பற்கள் இராது. ஆண் முழுமையாக வளர்ந்திருக்க வேண்டும் என்பது முக்கியம், இளம் ஆணில் நுனி அமைப்பு உருவாகியே இருக்காது. இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் மரபணுச் சோதனைதான் வழி.

ஆய்வு தவிர்த்து மற்றவர்களுக்கு இந்தப் பிரிவு தேவையில்லை. கிணற்றில் இருப்பது கம்பூசியா என்று தெரிந்தால் போதும், இரண்டும் நம் நீர்நிலைக்குச் செய்கிற கெடுதல் ஒன்றுதான்.

கேள்வி: வாய்க்காலில் கண்ணாடிபோல உடல் தெரியும் சின்ன மீன் கிடைத்தது. வயிற்றுக்குக் கீழே முட்டைக் கொத்து ஒன்று தொங்குகிறது. இதற்குத் தலையில் பொட்டு இல்லை. அப்படியானால் கம்பூசியாவா?

இல்லவே இல்லை. கம்பூசியா முட்டையை வெளியே தொங்கவிடாது, குட்டியாகவே ஈனும். நீங்கள் பார்த்தது அநேகமாக ஒரைசியாஸ் எனப்படும் நெல்வயல் மீன், அதன் பெண் முட்டைகளை மெல்லிய இழைகளால் மலவாயோடு பிணைத்துக் கொஞ்ச நேரம் சுமந்து திரிந்துவிட்டுப் பிறகு செடிகளில் ஒட்டிவிடும். அடித்துடுப்பைப் பாருங்கள், 20 கதிர்கள் பக்கமாக, உடலின் அடியில் நீளமாக ஓடும். முதுகுத் துடுப்பு மிகச் சிறியது, மிகப் பின்னால் இருக்கும், கண்கள் பெரியவை. உடல் தெரிகிற இன்னொரு மீனும் உண்டு, கண்ணாடி மீன் என்பார்கள், அது பக்கவாட்டில் தட்டையாக அகலமாக இருக்கும், அதன் முதுகில் துடுப்பு இரண்டு பகுதியாக இருக்கும், முன்பகுதியில் கூர்முள்ளும் உண்டு.

உங்கள் கேள்வியில் எல்லோருக்கும் பயன்படும் ஒரு விஷயம் இருக்கிறது. தலையில் பொட்டு இருந்தால் நம் மீன் என்று சொல்லலாம். பொட்டு இல்லை என்பதாலேயே வெளிநாட்டு மீன் என்று சொல்லிவிட முடியாது, நெல்வயல் மீனும் கெண்டைக் குஞ்சுகளும் இன்னும் எத்தனையோ நம் மீன்களும் பொட்டு இல்லாதவைதான்.

கேள்வி: படம் எடுத்து அனுப்பினால் சொல்வீர்களா? எப்படி எடுப்பது?

அனுப்புங்கள், ஆனால் கையில் பிடித்தோ தரையில் போட்டோ எடுத்த படம் வேண்டாம். மீன் வதைபடுகிறது, துடுப்புகளும் மடங்கி ஒட்டிக்கொள்கின்றன, பார்க்க வேண்டியதே தெரியாமல் போகிறது. நேரான பக்கங்கள் உள்ள சிறிய கண்ணாடிப் பாத்திரத்தில் மீன் இருந்த அதே தண்ணீரைத் தெளியவைத்து ஊற்றுங்கள். உள்ளே இன்னொரு கண்ணாடித் துண்டைச் செருகி இடத்தைக் குறுக்கினால் மீன் பக்கவாட்டில் நிற்கும், அப்போது துடுப்புகளை விரிக்கும்வரை காத்திருந்து எடுங்கள். பின்னால் அளவுகோல் ஒன்று தெரியட்டும். வட்ட ஜாடி பார்ப்பதற்குப் போதும், படத்துக்கு வேண்டாம், அது உடலை அகலமாகக் காட்டித் துடுப்பின் இடத்தைக் குழப்பிவிடும். பக்கவாட்டில் ஆண் ஒன்று, பெண் ஒன்று, தலை தெரிய மேலிருந்து ஒன்று என மூன்று படங்கள் இருந்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம். மீனைத் தொட வேண்டியிருந்தால் கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும்.

கேள்வி: குஞ்சு மீன்களை வைத்துச் சொல்ல முடியுமா?

பொட்டு மீன் குஞ்சு என்றால் முடியும், காரணம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். கம்பூசியாக் குஞ்சையும் கப்பிக் குஞ்சையும் பிரிப்பது கஷ்டம், அதே தண்ணீரில் பெரிய மீன்களைத் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் சில வாரம் தனியாக வளர்த்துப் பாருங்கள்.

கேள்வி: நீங்கள் முன்பு சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்ததில் எங்கள் தொட்டியில் இருப்பது கம்பூசியாதான் என்று உறுதியாகிவிட்டது. கொசுவைத் தின்கிறதே, ஊர்க் குளத்திலும் கொஞ்சம் விடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். கொசுப்புழுவைத் தின்னும் என்பது உண்மைதான், அதற்காகத்தான் உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். ஆனால் அது புழுவோடு நிறுத்திக்கொள்ளாது. மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தவளையின் தலைப்பிரட்டை எல்லாவற்றையும் தின்னும், தன்னைவிடப் பெரிய மீனின் துடுப்பையும் கடித்துக் குதறும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் இதுவும் இடம்பெற்றிருக்கிறது.

கொஞ்சம்தானே என்று நினைக்க வேண்டாம். பெண் கம்பூசியா ஆணின் விந்தணுவைத் தன் உடலில் சேமித்து வைத்துக்கொண்டு, ஆணே இல்லாமல் அடுத்தடுத்த முறை குட்டி போடக்கூடியது, ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்துப் பத்தாக. சினையான ஒரே ஒரு பெண் போதும் ஒரு குளத்தை நிரப்ப. நிறைந்த பிறகு திரும்ப எடுக்க நடைமுறையில் வழியே கிடையாது.

மூடிய தொட்டியில் இருப்பது அங்கேயே இருக்கட்டும். தொட்டியைக் கழுவும்போது தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடாமல் வலைத்துணியால் வடிகட்டி மண்ணில் ஊற்றுங்கள், குட்டிகள் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கும், சாதாரண சல்லடையில் தப்பிவிடும். குளத்துக் கொசுவுக்கு என்ன செய்வது என்றால், முதலில் அந்தக் குளத்தில் தலையில் பொட்டு மின்னும் மீன்கள் ஏற்கெனவே இருக்கின்றனவா என்று மேலிருந்து பாருங்கள். அவையும் நீர்மட்டத்தில் நின்று கொசுப்புழுவைத் தின்பவைதான். கரையோரச் செடிகளில்தான் முட்டையிடும் என்பதால் அந்தச் செடிகளை ஒட்ட வெட்டிச் சுத்தம் செய்யாமல் கொஞ்சம் விட்டுவைக்கச் சொல்லுங்கள், அவை தானாகப் பெருகும்.